பழைய கையடக்க ஆர்பிஜி கேம்கள்: தேடி வாங்கவும் விலை மதிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆர்பிஜி என்றால் ஒரு பாத்திரமாக மாறி, அதை வளர்த்துக்கொண்டே கதையில் முன்னேறும் கேம். அந்த வகையில் வந்த போக்கிமான் ரெட், கிரீன், புளூ மூன்றும் சேர்ந்து உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றவை. இத்தனை கோடி வீடுகளுக்குப் போன பொருளை அபூர்வம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள ஒரு ரெட் கார்ட்ரிட்ஜை (கேம் அடங்கிய, கருவியில் செருகும் பிளாஸ்டிக் துண்டு) இன்று யாரும் சல்லிசாகத் தருவதில்லை. அட்டைப்பெட்டியோடு கேட்டால் விலை பல மடங்கு ஏறிவிடும். அதே காலத்தில் வந்து, அதில் நூறில் ஒரு பங்கு கூட விற்காத எத்தனையோ கேம்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

ஆக, பழசு என்பதற்காகவோ குறைவாக வந்தது என்பதற்காகவோ மட்டும் விலை ஏறுவதில்லை. எத்தனை பேருக்கு அது வேண்டும், அது அசல்தானா, எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன. முதலாவதை உட்கார்ந்த இடத்தில் சந்தையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்து, முடிந்தால் திறந்தே பார்க்க வேண்டும். அதனால் இங்கே அவற்றுக்குத்தான் அதிக இடம்.

படி 1: எல்லையை முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று கிளம்பினால் பணமும் அலமாரியும் சீக்கிரம் தீரும். ஒரு கருவி, அல்லது ஒரு தொடர், அல்லது ஒரு நிறுவனம் என்று எல்லை போட்டுக்கொள்வது நல்லது.

நின்டெண்டோவின் கேம் பாய் 1989 ஏப்ரலில் ஜப்பானில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஸ்கொயர் நிறுவனம் அதற்கு ஒரு ஆர்பிஜி கொண்டுவந்தது. அகிதோஷி கவாசு உருவாக்கிய அந்த 'சாகா', அமெரிக்காவில் 'ஃபைனல் ஃபேன்டசி லெஜண்ட்' என்ற பெயரில் விற்றது. கையடக்க ஆர்பிஜி சேகரிப்பை அங்கிருந்து தொடங்குவோர் உண்டு. பெரும்பாலானோர் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வந்த போக்கிமானிலிருந்து தொடங்குவார்கள். கேம் பாய்க்குப் பின்னால் வந்த கேம் பாய் கலரில் டிராகன் வாரியர் தொடரும் 'லூஃபியா'வும் இருக்கின்றன. அதற்கும் அடுத்த கேம் பாய் அட்வான்ஸில் 'கோல்டன் சன்', 'ஃபயர் எம்ப்ளம்', 'ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் அட்வான்ஸ்' என்று பட்டியல் நீளும். என்னைக் கேட்டால், புதிதாக வருபவருக்கு அட்வான்ஸ்தான் சரியான இடம். நல்ல ஆர்பிஜிகள் அடர்த்தியாக இருக்கின்றன, இன்றும் அலுக்காமல் விளையாடலாம், வெறும் கார்ட்ரிட்ஜாக வாங்கினால் பல கேம்கள் இன்னும் கைக்கு எட்டும் விலைதான்.

சேகாவின் கேம் கியர், பண்டாயின் வண்டர்ஸ்வான், எஸ்என்கேயின் நியோ ஜியோ பாக்கெட் கலர் ஆகியவை தனி உலகம். கேம் கியரில் 'ஷைனிங் ஃபோர்ஸ்' இருக்கிறது, வண்டர்ஸ்வான் கலரில் ஃபைனல் ஃபேன்டசி மறுபதிப்பு இருக்கிறது. ஆனால் கேம் கியரின் மின்தேக்கிகள் காலப்போக்கில் கசிந்து படமும் ஒலியும் மங்கிவிடும். சரிசெய்யத் தெரியாமல் அதில் இறங்க வேண்டாம்.

படி 2: எதில் ஓடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேம் பாய், கலர், அட்வான்ஸ் மூன்று வகை கார்ட்ரிட்ஜும் ஓட வேண்டும் என்றால் கேம் பாய் அட்வான்ஸ் அல்லது அதன் மடக்கும் மாடலான எஸ்பி வேண்டும். எஸ்பியில் ஏஜிஎஸ் 101 என்ற மாடலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும், திரை பளிச்சென்று இருக்கும். ஏஜிஎஸ் 001 மாடலில் முன்புற வெளிச்சம்தான். எண் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். கேம் பாய் மைக்ரோவும், நின்டெண்டோவின் அடுத்த கையடக்கக் கருவியான டிஎஸ்ஸும் கேம் பாய் வரிசையில் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜை மட்டுமே ஏற்கும், பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ் அவற்றில் நுழையாது. டிஎஸ்ஸுக்குப் பிறகு வந்த டிஎஸ்ஐயில் அந்தத் துளையே கிடையாது.

டிஎஸ் அல்லது டிஎஸ் லைட் ஒன்று கையில் இருப்பது போலியைக் கண்டுபிடிக்கவும் உதவும். அதைப் படி 4-இல் பார்க்கலாம்.

படி 3: எந்த நாட்டுப் பதிப்பு

கேம் பாய், அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, டிஎஸ் கார்ட்ரிட்ஜுகளுக்கும் பொதுவாகக் கிடையாது. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் கேம் வட்டுகளும் அப்படியே. அதனால் ஜப்பானியப் பதிப்பு வாங்கி வேறு நாட்டுக் கருவியிலும் போடலாம். ஜப்பானில் பொருளும் நிறைய, பெட்டியை ஒழுங்காக வைத்திருக்கும் பழக்கமும் உண்டு. பெட்டியோடு அழகான செட் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்பவருக்கு அது நல்ல வழி. அதிரடி கேம் என்றால் மொழி தெரியாமலே ஓட்டிவிடலாம். ஆர்பிஜியில் கதையும் மெனுவும்தான் எல்லாம், ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாவிட்டால் அது அலமாரிப் பொருள் மட்டுமே. இன்னொன்று: முதல் தலைமுறைப் போக்கிமானில் ஜப்பானியப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் கேபிளில் இணைத்துப் போக்கிமான்களைப் பரிமாறினால் சேவ், அதாவது விளையாடிய வரை சேமித்துவைத்த பதிவு, கெட்டுப்போகும். செய்யாதீர்கள்.

பதிப்பாளர் யார் என்பதையும் பாருங்கள். ஃபைனல் ஃபேன்டசி லெஜண்ட் வரிசையை அமெரிக்காவில் முதலில் ஸ்கொயரே வெளியிட்டது, பிறகு 1998-இல் சன்சாஃப்ட் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. உள்ளே கேம் ஒன்றுதான். ஆனால் சேகரிப்பவர்கள் இரண்டையும் வேறு வேறு பொருளாகவே பார்க்கிறார்கள், விலையும் தனித்தனி. விளம்பரத்தில் பெயரை மட்டும் படித்துவிட்டு விலையை ஒப்பிடக் கூடாது, லேபிளில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சில விஷயங்களில் யோசிக்கவே தேவையில்லை. 'மதர் 3' 2006-இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஓடும் மதர் 3 கார்ட்ரிட்ஜ் எதுவாக இருந்தாலும் ரசிகர்களின் மொழிபெயர்ப்பை ஏற்றிய நகல்தான். ஆங்கில லேபிளோடு வரும் போக்கிமான் கிரீனும் அப்படியே, நின்டெண்டோ அதை ஆங்கிலத்தில் வெளியிடவே இல்லை. விளையாட மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் விருப்பம், சேகரிப்பு விலை தராதீர்கள்.

படி 4: அசலா போலியா

இந்தத் துறையில் பணம் அதிகமாகப் பறிபோகும் இடம் இதுதான். போலிகளில் முதலிடம் அட்வான்ஸ் காலப் போக்கிமானுக்கு, அதிலும் எமரால்டுக்கு. அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் லேபிள். அமெரிக்க எமரால்டில் ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ (AGB-BPEE-USA) என்ற குறியீடு இருக்கும். நடுப்பகுதி ரூபிக்கு ஏஎக்ஸ்விஇ (AXVE), சஃபையருக்கு ஏஎக்ஸ்பிஇ (AXPE), ஃபயர்ரெட்டுக்கு பிபிஆர்இ (BPRE), லீஃப்கிரீனுக்கு பிபிஜிஇ (BPGE). குறியீடு வேறு கேமுடையதாக இருந்தால் பேச்சே வேண்டாம், வைத்துவிடலாம். சரியாக இருந்தாலும் அது போதாது, நல்ல போலிகள் குறியீட்டைச் சரியாகவே அச்சடிக்கின்றன. லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசல் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று, சில சமயம் கூடவே ஓர் எழுத்தும், மையில்லாமல் அழுத்திப் பதிந்திருக்கும். நேராகப் பார்த்தால் கண்ணில் படாது, சாய்த்தால்தான் தெரியும். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து கார்ட்ரிட்ஜைத் தலைகீழாகப் பிடித்து, தங்க நிறத் தொடர்பு முனைகள் தெரியும் வாயைப் பாருங்கள். அசலில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் அந்த முனைகளுக்குச் சற்று மேலே நின்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருப்பது திறக்காமலே தெரியும். போலிகள் பலவற்றில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது ஏதோ எண் மட்டும் இருக்கும். தொலைவிலிருந்து வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் படம் இதுதான். லேபிள் படத்தை மட்டும் விதவிதமான கோணத்தில் அனுப்பிக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

மூன்றாவது, பின்பக்க ஸ்க்ரூ. அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜில் மூன்று கிளை கொண்ட 'ட்ரை-விங்' ஸ்க்ரூ இருக்கும். பழைய கேம் பாய், கலர் கார்ட்ரிட்ஜில் 3.8 மி.மீ. 'கேம்பிட்' என்ற தனி வகை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ இருந்தால் ஒன்று போலி, இல்லையென்றால் யாரோ திறந்து மாற்றியிருக்கிறார்கள்.

நான்காவதாகத் திறந்து பார்ப்பது. இரண்டு ஸ்க்ரூடிரைவரும் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். அசல் எமரால்டு போர்டில் சில்லுகள் தனித்தனியாக, எண் பொறித்து, சீராகச் சால்டர் ஆகியிருக்கும். கேம் இருக்கும் சில்லு, பேட்டரி இல்லாமலே சேவைக் காக்கும் ஃப்ளாஷ் நினைவகம், கடிகாரச் சில்லு, அதற்கான சின்னக் கிரிஸ்டல், ஒரு பேட்டரி எல்லாம் இருக்க வேண்டும். கறுப்புப் பசையை ஊற்றி மூடியதுபோல ஒரு குமிழ் இருந்தால் போலி. எமரால்டில் பேட்டரியே இல்லை என்றாலும் போலி. ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் அசலிலேயே பேட்டரி கிடையாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. டிஎஸ் லைட்டில் அசல் எமரால்டைக் கீழ்த் துளையில் செருகி, மேலே டிஎஸ் கேமான போக்கிமான் டைமண்டைப் போட்டால், அதில் தேசிய போக்கிடெக்ஸ் (போக்கிமான்களின் முழுப் பட்டியல்) பெற்ற சேவாக இருக்கும்பட்சத்தில், எமரால்டிலிருந்து போக்கிமான்களைக் கொண்டுவரும் வாய்ப்பு மெனுவில் வரும். பல போலிகள் இந்தச் சோதனையில் தோற்கும். போலிகளின் இன்னொரு குணம், முப்பது மணி நேரம் விளையாடியபின் சேவ் காணாமல் போவது. நேரில் வாங்கும்போது சேவ் செய்து, அணைத்து, மறுபடி போட்டுப் பார்ப்பது குறைந்தபட்சம்.

டிஎஸ்ஸில் போக்கிமான் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் வாங்குவோருக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. இந்த இரண்டும் அகச்சிவப்புக் கதிர் வழியாகப் போக்கிவாக்கர் என்ற குட்டிக் கருவியோடு பேசும். அதற்காகவே கார்ட்ரிட்ஜ் பெரும்பாலான டிஎஸ் கேம்களைப் போலச் சாம்பல் நிறத்தில் இல்லாமல் கறுப்பாக இருக்கும், குறியீட்டின் நடுப்பகுதியும் 'ஐ' (I) என்ற எழுத்தில் தொடங்கும். சாம்பல் நிற ஹார்ட்கோல்ட் யாராவது காட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

படி 5: பேட்டரியும் சேவும்

ஆர்பிஜி என்றாலே நாற்பது, ஐம்பது மணி நேர விளையாட்டு. பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜில் அந்த உழைப்பு முழுவதும் ஒரு காசு அளவுப் பேட்டரியின் தயவில் இருக்கிறது. பேட்டரி ஓய்ந்தால் சேவும் போச்சு.

இரண்டாம் தலைமுறைப் போக்கிமான்களான கோல்ட், சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் நிலைமை இன்னும் மோசம். கேமுக்குள் பகல், இரவு மாற ஒரு கடிகாரம் ஓடுகிறது. கடிகாரத்துக்கும் சேவுக்கும் ஒரே சிஆர் 2025 பேட்டரிதான். அதனால்தான் 1999-இல் வந்த கோல்டின் பேட்டரி, அதற்கு முன்பு வந்த ரெட்டின் பேட்டரியைவிட முன்னதாகத் தீர்ந்துவிடுகிறது. ரூபி, சஃபையர், எமரால்டில் கதை வேறு. அங்கே சேவ் ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, சிஆர் 1616 பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தால் கேமைத் தொடங்கும்போதே அறிவிப்பு வரும், பெர்ரிச் செடி வளராது, மற்றபடி விளையாடலாம். 'பேட்டரி போயிடுச்சு, கேம் வேஸ்ட்' என்று யாராவது எமரால்டை மலிவாகத் தள்ளினால் யோசிக்காமல் வாங்குங்கள், அசலா என்று மட்டும் பார்த்துவிட்டு.

மாற்றும் முறை இதுதான்.

முதலில் கார்ட்ரிட்ஜில் இருக்கும் சேவுக்கு ஒரு நகல் எடுங்கள். எபிலாக் நிறுவனத்தின் ஜிபி ஆபரேட்டர், இன்சைட்கேஜெட்ஸின் ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற கருவிகளைக் கணினியில் செருகினால் கார்ட்ரிட்ஜின் சேவைக் கோப்பாக எடுக்கலாம், பிறகு திருப்பி ஏற்றலாம். இருபது வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு பிள்ளை வளர்த்த அணி அதில் இருக்கலாம், அழிக்க மனசு வராது.

பிறகு திறந்து, போர்டில் உள்ள பேட்டரியின் எண்ணைப் படித்து அதே எண் வாங்குங்கள். முதல் தலைமுறையில் சிஆர் 1616-உம் உண்டு, 2025-உம் உண்டு, ஊகிக்க வேண்டாம். தகட்டுக் கால்கள் ஏற்கெனவே பற்றவைத்துவரும் பேட்டரிதான் வேண்டும். கடிகாரக் கடையில் கிடைக்கும் வெறும் காசுப் பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டரிங் சூட்டை வைத்தால் வெடிக்கக் கூடும். இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவைப்பதும் வேண்டாம், பை குலுங்கினால் தொடர்பு விட்டுப்போகும்.

பழைய பேட்டரியின் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கித் தூக்குங்கள். இழுக்காதீர்கள், போர்டில் உள்ள செப்புத் தடமே பிய்ந்துகொண்டு வரும். கூட்டல், கழித்தல் குறி போர்டிலேயே அச்சாகியிருக்கும், அதன்படி புதியதைச் சால்டர் செய்து, மல்ட்டிமீட்டரில் 3 வோல்ட் அளவில் காட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் சேவைத் திருப்பி ஏற்றலாம். ரூபி, எமரால்டு வகையில் பேட்டரி மாற்றியும் பழைய சேவில் நேரம் சார்ந்த நிகழ்வுகள் உடனே திரும்பாமல் போகலாம், கடிகாரம் புதிதாகத் தொடங்கியிருப்பதுதான் காரணம். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஆனால் சேவ் நகலை நீங்களே எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

சுத்தம் செய்வது எளிது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக் குச்சியால் முனைகளைத் துடைத்து, காய்ந்தபின் போடுங்கள். நாம் எல்லோரும் சின்ன வயதில் செய்ததுபோல வாயால் ஊதினால் எச்சில் ஈரம் முனைகளில் படிந்து அரிக்கும்.

படி 6: விலை மதிப்பது

முதல் விதி: விற்பவர் கேட்கும் விலை விலையே இல்லை, கைமாறிய விலைதான் விலை. ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதைப் போடுங்கள். பிரைஸ்சார்ட்டிங் தளம் அந்த மாதிரி விற்பனைகளைத் தொகுத்து வெறும் கார்ட்ரிட்ஜ், பெட்டியும் கையேடும் கொண்ட முழு செட், புதியது என்று தனித்தனியாகக் காட்டும். அங்கே தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. போலியும் அசலும் ஒரே பெயரில் விற்பதால் அந்தச் சராசரிக்குள் போலியின் விலையும் கலந்திருக்கலாம்.

நான் சொல்லும் வழி: அதே நாட்டுப் பதிப்பு, அதே நிலை, படத்தில் அசல் என்று தெரிகிற சமீபத்திய விற்பனைகள் ஏழெட்டை எடுங்கள். மிக அதிகமான ஒன்றையும் மிகக் குறைவான ஒன்றையும் தள்ளுங்கள். மீதியை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். அதிலிருந்து கழிக்கத் தொடங்குங்கள். லேபிளில் மார்க்கரால் எழுதிய பெயர், வாடகைக் கடை ஸ்டிக்கர், கிழிந்த ஓரம், தீர்ந்த பேட்டரி எல்லாவற்றுக்கும் கழிவு உண்டு. பேட்டரிக்கு, மாற்ற ஆகும் செலவை மட்டும் கழித்தால் நியாயம். லேபிள் சேதத்துக்குத் தாராளமாகக் கழிக்கலாம், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

கூட்டல் பெரும்பாலும் காகிதத்தில்தான். அட்வான்ஸ் வரை நின்டெண்டோவின் பெட்டிகள் வெறும் அட்டை. கடையிலிருந்து வந்த அன்றே பிள்ளைகள் கிழித்துத் தூக்கிப்போட்டார்கள். அதனால் நசுங்காத பெட்டி உள்ளே இருக்கும் கேமைவிட அதிக விலைக்குப் போவது சகஜம். 'முழு செட்' என்ற வார்த்தையை அப்படியே நம்பாமல் உள்ளே என்னென்ன என்று எழுதிக் கேளுங்கள். பெட்டி, உள் அட்டைத் தட்டு, கையேடு, வரைபடம் அல்லது சுவரொட்டி இருந்தால் அது. ஹார்ட்கோல்ட் என்றால் பெரிய வெளிப்பெட்டியும் போக்கிவாக்கரும் சேர்ந்தால்தான் முழு செட். போக்கிவாக்கர் இல்லாவிட்டால் விலை நன்றாகவே இறங்கும். மதர் 3-க்குச் சிவப்பு கேம் பாய் மைக்ரோவோடு வந்த டீலக்ஸ் பெட்டி வேறு இருக்கிறது, அதைச் சாதாரணப் பதிப்போடு ஒப்பிடக் கூடாது. பெட்டியும் போலியாக வருகிறது. மறு அச்சுப் பெட்டியில் சின்ன எழுத்துகள் பிசிறடிக்கும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

சீல் பிரிக்காத, தரச்சான்று பெற்று தெளிவான பிளாஸ்டிக் பேழையில் அடைத்த கேம்கள் வேறு விளையாட்டு. 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏலத்தில் சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு பரணில் கிடந்ததை எல்லாம் புதையல் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தச் சந்தையில் விளையாடுகிறவர்களைவிட முதலீடு செய்கிறவர்கள்தான் அதிகம். ஆர்பிஜியைப் பிரிக்காமலே வைத்திருப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை, அது என் கருத்து மட்டும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பிளாஸ்டிக் உறையைப் பிற்பாடு சுற்றி 'சீல்' என்று விற்பதும் நடக்கிறது, பின்பக்கத் தையல் படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

மறுவெளியீட்டையும் கவனியுங்கள். டிஎஸ்ஸின் அடுத்த தலைமுறையான 3டிஎஸ்ஸின் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடியபோது, அதில் கிடைத்த பழைய போக்கிமான்களைச் சட்டப்படி வாங்கும் வழி ஒன்று அடைபட்டது. எதிர்த்திசையில், 2024 ஜனவரியில் கோல்டன் சன் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான ஆன்லைன் சந்தா சேவைக்கு வந்தது. விளையாட மட்டும் விரும்புவோர் அந்தப் பக்கம் போகலாம், பெட்டியோடு வேண்டும் என்பவர் போகமாட்டார். அதனால் இப்படிப்பட்ட செய்தி வரும்போது வெறும் கார்ட்ரிட்ஜின் விலையைத்தான் கண்காணிக்க வேண்டும்.

படி 7: எங்கே வாங்குவது

ஜப்பானுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் தோக்கியோ அகிஹபராவில் சூப்பர் பொட்டேட்டோ என்ற பழைய கேம் கடையைப் பார்க்காமல் வரமாட்டார்கள். ஆனால் அது சுற்றுலாப் பயணிகள் நிறையும் இடம், விலையும் அதற்கேற்ப. பழைய பொருள் விற்கும் ஹார்ட் ஆஃப், புக் ஆஃப் கடைகளின் நகர ஓரத்துக் கிளைகளில் பொறுமையாகக் கிளறினால் நல்ல விலைக்குக் கிடைக்கும். அங்கே 'ஜங்க்' என்ற பெட்டியில் கிடப்பவை சோதிக்காமல், திருப்பி வாங்கமாட்டோம் என்ற நிபந்தனையோடு விற்பவை. முனைகளைத் துடைத்தாலே ஓடும் கார்ட்ரிட்ஜ்கள் அதில் உண்டு.

வீட்டிலிருந்தே வாங்க ஈபேயும், யாஹூ ஜப்பான் ஏலத்தை நமக்காக எடுத்து அனுப்பும் இடைத்தரகுச் சேவைகளும் இருக்கின்றன. இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரி வரும், அது பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடப்படும். இதைச் சேர்க்காமல் 'மலிவாக முடிந்தது' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பரிசு என்று எழுதி, மதிப்பைக் குறைத்து அனுப்பட்டுமா என்று விற்பவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டப்படி தவறு, பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் திரும்ப வரும்.

பலவற்றை ஒரே கட்டாக விற்பவர்களைத் தேடுங்கள். கருவியோடு பத்துக் கேம் என்று போடுபவர் ஒவ்வொன்றுக்கும் தனி விலை பார்த்திருக்கமாட்டார். வேண்டாததை விற்றாலே பாதிப் பணம் திரும்பிவிடும்.

படி 8: வைத்துக்கொள்வதும் விற்பதும்

கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் எதிரி. அட்டைப்பெட்டிக்குப் பூஞ்சை பிடிக்கும், தொடர்பு முனை கறுக்கும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். பெட்டிகளுக்கு அளவான தெளிவு பிளாஸ்டிக் உறை கிடைக்கும். வெயில் படும் அலமாரியில் வைத்தால் முதலில் வெளுப்பது சிவப்பு நிறம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வேண்டும். வாங்கிய தேதி, வரியும் அனுப்பும் செலவும் சேர்த்த முழு விலை, லேபிள் குறியீடு, பேட்டரி மாற்றிய மாதம், திறந்தபோது எடுத்த போர்டின் படம். ஒரு சாதாரண கணக்குத் தாளே போதும். விற்கப் போகும் அன்று அந்தப் போர்டுப் படத்தை விளம்பரத்தில் முதலாவதாகப் போடுங்கள். கேட்கத் தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள், பேரமும் பாதியாகக் குறையும். உள்ளே உங்கள் சேவ் இருந்தால் அனுப்புமுன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கருவியை அனுப்பும்போது ஏஏ பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், வழியில் கசிந்தால் உள்ளே இருக்கும் தகடுகள் அரித்துப் பச்சை பிடித்துவிடும்.